வெறுங்கை முழம் போடுமா? ஒரு சிறு கடன் டிக்ரியின் நிகழ்வு ஆய்வு

நாமக்கல் மாவட்டத்தின் பள்ளிபாளையம், குமாரபாளையம் வட்டாரம் விசைத்தறியை நம்பிப் பிழைப்பது. அங்கே ஒரே தெருவில் குடியிருந்த இருவருக்கு இடையே நடந்த கடன் வழக்கு இது. கடன் கொடுத்த அம்மாளுக்கு நான் வழக்கறிஞர். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். சட்டமும் நடந்த வரிசையும் அப்படியே இருக்கின்றன.

கணவர் இறந்த பிறகு வந்த எல்.ஐ.சி. பணத்திலிருந்து அந்த அம்மாள் 1,20,000 ரூபாயை 2020 ஜனவரியில் பக்கத்து வீட்டுத் தறிக்காரரிடம் கொடுத்தார். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய புரோநோட்டு. நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, அதாவது ஆண்டுக்கு 12 சதவீதம். முதல் ஆண்டு வட்டி ஒழுங்காக வந்தது. வந்ததை நோட்டின் பின்புறம் எழுதி, தறிக்காரர் கையெழுத்தும் போட்டிருந்தார். அந்தக் கையெழுத்தால் காலவரம்பு அந்த நாளிலிருந்து மறுபடி மூன்று ஆண்டு ஓடும். பலர் இதைச் செய்யாமல் விட்டு வழக்கையே இழக்கிறார்கள். அதன் பிறகு வரவு நின்றது. காவல் நிலையத்தில் “இது சிவில் விவகாரம்” என்று திருப்பி அனுப்பினார்கள். அது சரியான பதில்தான்.

2022 இறுதியில் மாவட்ட முன்சீப் நீதிமன்றத்தில் வழக்கு. அசலும் இரண்டு ஆண்டு வட்டியுமாக 1,48,800 ரூபாய். தமிழ்நாட்டில் 2017-க்குப் பிறகு நீதிமன்றக் கட்டணம் 3 சதவீதம் என்பதால் 4,464 ரூபாய்க்கு ஸ்டாம்ப் போனது. பிரதிவாதி சம்மனை வாங்கிக்கொண்டார், வரவில்லை. அவர் இல்லாமலேயே ஒருதலைப்பட்சமாக 2023-இல் டிக்ரி, அதாவது பணத்தைக் கட்டச் சொல்லும் நீதிமன்றத் தீர்ப்பாணை, ஆனது. டிக்ரிக்குப் பிறகு அசலுக்கு 6 சதவீத வட்டி. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு இப்படிப்பட்ட கைமாற்றுக் கடனுக்கு அதற்கு மேல் அனுமதிப்பதில்லை.

இதுவரை எல்லாம் எளிது. இந்தியாவில் வழக்காடுபவருக்குத் தொல்லை தொடங்குவதே டிக்ரி கிடைத்த பிறகுதான் என்று, அன்று இந்திய வழக்குகளுக்கு லண்டனில் இருந்த கடைசி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் 1872-இலேயே எழுதியது. ஒன்றரை நூற்றாண்டாக எல்லா வழக்கறிஞர்களும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். டிக்ரியைச் செயல்படுத்தக் கோரும் நிறைவேற்று மனுக்களை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் ராகுல் எஸ். ஷா வழக்கில் சொன்னது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற பெரியம்மாள் வழக்கில் 2025-இல் அதையே மீண்டும் கண்டிப்புடன் சொன்னது. அந்த வழக்கை ஒட்டி உயர் நீதிமன்றங்களிடம் கணக்குக் கேட்டபோது, நாடு முழுவதும் 8.8 லட்சத்துக்கு மேல் நிறைவேற்று மனுக்கள் தேங்கிக் கிடப்பது தெரிந்தது. தாமதத்தை நீதிமன்றம் உத்தரவு போட்டுக் குறைக்கலாம். எதிராளியிடம் பணமே இல்லை என்றால் எந்த உத்தரவும் பணத்தை உண்டாக்காது. இந்த வழக்கின் சிக்கல் இந்த இரண்டாவது வகை.

அந்த அம்மாள் என்னிடம் வந்தபோது முதல் நிறைவேற்று மனு முடிந்திருந்தது. அதை நடத்தியவர் வேறு வழக்கறிஞர். அசையும் பொருட்களை ஜப்தி செய்யக் கேட்டிருந்தார். நீதிமன்ற ஊழியரான அமீனா போய்ப் பார்த்துவிட்டு எழுதிய அறிக்கை ஒரு பக்கம்கூட இல்லை. இரண்டு அறை வாடகை வீடு. சமையல் பாத்திரங்கள், பாய், தலையணை, ஒரு கட்டில், அரசு கொடுத்த மிக்சியும் கிரைண்டரும், பழைய டிவி. கடைசி வரி: ‘ஜப்தி செய்யத்தக்க அசையும் பொருள் எதுவும் இல்லை.’

அந்த அறிக்கையில் அமீனா தவறு எதுவும் செய்யவில்லை. கடனாளியும் மனைவி மக்களும் உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகை ஆகியவற்றை உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு ஜப்தியிலிருந்து விலக்கியிருக்கிறது. கைத்தொழிலாளியின் கருவிகளுக்கும் விலக்கு உண்டு. தாலியைத் தொட முடியாது. மீதியிருந்த டிவியை ஏலம் விட்டால் அமீனா பேட்டாவுக்குக்கூடக் கட்டாது.

“தறிகள் நாலு இருந்தனவே, அவை எங்கே போயின?” என்று அம்மாள் கேட்டார். நியாயமான கேள்வி. விசாரித்தபோது தெரிந்தது: 2022-இல் நூல் விலை ஏறிய நாட்களில், வாடகைக் கொட்டகையில் ஓடிய நான்கு தறிகளும் பழைய இரும்புக்கு எடை போட்டு விற்கப்பட்டிருந்தன. பணம் மின்கட்டண பாக்கிக்கும் நூல் வியாபாரிக்கும் போயிருந்தது. விற்றது நம் வழக்கு தாக்கலாவதற்கு முன்னால். இந்த நாள் வரிசை ஏன் முக்கியம் என்பது கீழே வரும். நேற்றுவரை தறி முதலாளியாக இருந்தவர் இப்போது இன்னொருவர் பட்டறையில் கூலிக்குத் தறி ஓட்டிக்கொண்டிருந்தார்.

அம்மாளின் கோபம் குறையவில்லை. “பணம் வராவிட்டால் போகட்டும் சார். அவனை ஒரு நாளாவது உள்ளே வைக்க வேண்டும். தெருவில் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போகிறான்” என்றார். டிக்ரி வைத்திருக்கும் பெரும்பாலானோர் இதைத்தான் கேட்கிறார்கள். முன்சீப் நீதிமன்றங்களில் கைது மனு வழக்கமான முதல் ஆயுதமாகிவிட்டது. நோட்டீஸ் போனாலே பயந்து கட்டிவிடுவார் என்ற கணக்கு. பணம் இருந்தும் இழுத்தடிப்பவரிடம் அந்தக் கணக்கு பலிக்கும். இல்லாதவரிடம் பலிக்காது.

அந்த அம்மாளிடம் நான் சொன்ன முதல் விஷயம், சிறைச் சாப்பாட்டுச் செலவு. கடனாளியை சிவில் சிறையில் வைக்க வேண்டுமென்றால் அவருடைய சாப்பாட்டுப் படியைக் கடன் கொடுத்தவரே நீதிமன்றத்தில் கட்ட வேண்டும். அது நின்றால் அவரை விட்டுவிடுவார்கள். 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட டிக்ரிக்கு அதிகபட்சம் மூன்று மாதம். 2,000-க்கு மேல் 5,000 வரை ஆறு வாரம். 2,000-க்குள் சிறையே இல்லை. பெண்களைப் பண டிக்ரிக்காகக் கைது செய்யவே முடியாது. வெளியே வந்ததும் கடன் அப்படியே நிற்கும். ஆனால் அதே டிக்ரிக்கு அவரை மறுபடி கைது செய்ய முடியாது. ஒரே ஒரு முறை வீசக்கூடிய சீட்டு. மூன்று மாதம் அவர் தறி ஓட்டாமல் இருந்தால் வரவேண்டிய கூலியும் போகும், நம் பணமும் போகும்.

இரண்டாவது விஷயம் சட்டம். இங்கே 1980-ஆம் ஆண்டின் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் எதிர் பேங்க் ஆஃப் கொச்சின் தீர்ப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். கேரளத்தில் ஒரு வங்கி கடனாளிகள் மீது டிக்ரி வாங்கியிருந்தது. அவர்களுடைய அசையாச் சொத்துகள் எல்லாம் ஏற்கெனவே ஜப்தியில். அவற்றை நிர்வகிக்க நீதிமன்றம் ரிசீவரையும் போட்டிருந்தது. அதற்குப் பிறகும் கைது வாரண்ட் வந்தது. முன்பு ஒரு முறை வாரண்ட் போட்டிருந்தோம் என்பதே காரணம். இப்போது அவர்களால் கட்ட முடியுமா என்று யாரும் விசாரிக்கவில்லை. கேரள உயர் நீதிமன்றமும் சுருக்கமாகத் தள்ளுபடி செய்துவிட்டது.

உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் முன் வந்தது. பாலக்காட்டுக்காரர், சென்னை சட்டக் கல்லூரியில் படித்தவர். கைதியாகவும் சிறையைப் பார்த்திருக்கிறார், 1957-இல் கேரளத்தின் சிறைத்துறை அமைச்சராகவும் பார்த்திருக்கிறார். ஒப்பந்தக் கடமையை நிறைவேற்ற இயலவில்லை என்ற காரணத்துக்காக மட்டும் எவரையும் சிறையிடக் கூடாது என்று குடிமை, அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையின் 11-ஆம் விதி சொல்கிறது. இந்தியா 1979-இல் அதை ஏற்றிருந்தது. நம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 51-ஆம் பிரிவோ, டிக்ரிக்குப் பின் கட்டும் வசதி எப்போதாவது இருந்து, கட்டாமல் விட்டிருந்தால் கைது செய்யலாம் என்கிறது. எழுத்துக்கு எழுத்து படித்தால், ஒரு காலத்தில் வசதி இருந்து இன்று ஓட்டாண்டியாக நிற்பவரையும் உள்ளே போடலாம். கிருஷ்ணய்யர் அப்படிப் படிக்க மறுத்தார். கட்டவில்லை என்பது மட்டும் போதாது. இன்று கட்டும் வசதி இருந்தும் மறுக்கும் தீய எண்ணம், நேர்மையற்ற போக்கு ஏதாவது வேண்டும். அவருடைய மற்ற நியாயமான, அவசரமான செலவுகளையும் பார்க்க வேண்டும் என்றார். தரித்திர நாராயணர்கள் வாழும் இந்த நாட்டில் ஏழையாக இருப்பது குற்றமல்ல என்று எழுதினார். வாரண்ட் உத்தரவு ரத்தாகி, கடனாளிகளின் இன்றைய நிலையை விசாரிக்கும்படி வழக்கு கீழே திரும்பியது.

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்தத் தீர்ப்பைக் கைது மனுவில் யாராவது எடுத்துச் சொன்னால்தான் நினைவு வருகிறது என்பது எனக்கு வருத்தம் தருகிறது. வழக்கறிஞர் வைக்க வசதியில்லாத கடனாளிக்காக அதை யார் எடுத்துச் சொல்வார்கள்?

நம் வழக்கில் இன்னொரு தடையும் இருந்தது. வசதி இருக்கிறதா என்று கணக்கிடும்போது, ஜப்தியிலிருந்து விலக்குப் பெற்ற எதையும் சேர்க்கக் கூடாது என்று 51-ஆம் பிரிவின் விளக்கமே சொல்கிறது. தொழிலாளியின் கூலி முழுவதும் விலக்குப் பெற்றது. தேர்ச்சி பெற்ற தொழிலாளி, பெறாதவர் என்ற பேதமும் கிடையாது. அப்படியானால் தறி ஓட்டிச் சம்பாதிக்கும் கூலியைக் காட்டி “இவருக்கு வசதி இருக்கிறது” என்று நான் வாதாட முடியாது. வழக்கு தாக்கலான பின் சொத்தை வஞ்சகமாக மாற்றிவிட்டார் என்று காட்டினாலும் கைது கேட்கலாம். தறிகளோ அதற்கு முன்பே, கடைத்தெரு அறிய, எடைக்குப் போயிருந்தன. கைது மனு நிற்காது.

எதிராளி மாதச் சம்பளக்காரராக இருந்திருந்தால் கதை வேறு. முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் போக, எஞ்சியதைப் பிடிக்கலாம். 25,000 சம்பளத்தில் மாதம் 8,000 ரூபாய். ஒரு டிக்ரிக்கு மொத்தம் 24 மாதம் வரை பிடிக்கலாம் என்பதால் நம் தொகை இரண்டு ஆண்டுக்குள்ளேயே தீர்ந்திருக்கும். நிரந்தர வேலையில் இருப்பவரிடம் சட்டத்தின் கை நீளம். வாரக் கூலிக்காரரிடம் அது எட்டுவதில்லை. சட்டம் அப்படி வகுத்தது சரி என்றே நினைக்கிறேன். கூலியிலும் கைவைத்தால் அந்த வீட்டில் உலை எரியாது.

நான் போட்டது கைது மனு அல்ல. அதே நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 21, விதி 41-இன் கீழ் சொத்து விவரப் பிரமாண வாக்குமூலம் கேட்கும் மனு. டிக்ரித் தொகை முப்பது நாள் கட்டப்படாமல் இருந்தால், கடனாளி தன் சொத்து விவரம் முழுவதையும் பிரமாணமாகத் தாக்கல் செய்யும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். மீறினால் மூன்று மாதம் வரை சிறை. அந்தச் சிறை ஏழ்மைக்காக அல்ல, நீதிமன்றத்திடம் மறைப்பதற்காக. என் பார்வையில் பண டிக்ரி வைத்திருப்பவருக்குச் சட்டம் கொடுத்த மிக நல்ல கருவி இதுதான். முடியாதவரையும் மாட்டேன் என்பவரையும் பிரித்துக் காட்டும். ஆனாலும் நம் ஊர் நீதிமன்றங்களில் பத்துக் கைது மனுவுக்கு நடுவே ஒன்றாக இதைப் பார்த்தால் அதுவே அதிசயம்.

உத்தரவு வந்ததும் தறிக்காரர் நேரில் வந்தார். வழக்கறிஞர் இல்லை. சட்டைப்பைக்குள் மடித்து வைத்திருந்த ஒரு நோட்டை எடுத்து, “ஐயா, இதுதான் என் சொத்து” என்று நீதிபதியிடம் நீட்டினார். பட்டறை முதலாளி எழுதிக் கொடுக்கும் வாரக் கணக்கு நோட்டு. பீஸ் எண்ணிக்கை, மீட்டர், கூலி, கடைசிக் கட்டத்தில் ‘முன்பணம் பிடித்தம்’. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை 4,000 ரூபாய்க்குச் சற்று முன்பின் கூலி. அதில் 500 பிடித்தம். வேலைக்குச் சேரும்போது முதலாளியிடம் 70,000 முன்பணம் வாங்கியிருந்தார். இந்த வட்டாரத்துத் தறித் தொழிலாளர் பலரைப் பட்டறையோடு கட்டிவைத்திருப்பது இந்த முன்பணம்தான். அதைத் தீர்க்காமல் வேறு பட்டறைக்குப் போக முடியாது. ஒரு வாரம் நூல் இல்லை என்றால் அந்தப் பக்கத்தில் கூலிக் கட்டம் காலி. முன்பண பாக்கி மட்டும் அப்படியே அடுத்த பக்கத்துக்கு வந்திருக்கும்.

வங்கிக் கணக்கில் சில நூறு ரூபாய். மனைவியின் கணக்கில் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 வருகிறது. மனைவி டிக்ரியில் இல்லை, அது நமக்குச் சம்பந்தமில்லாத பணம். ஊரில் தகப்பனார் பெயரில் ஓட்டு வீடு ஒன்று இருந்தது. அவர் சம்பாதித்துக் கட்டியது, அவர் உயிரோடு இருக்கிறார். மகனுக்கு இன்றைக்கு அதில் உரிமை எதுவும் இல்லை.

பண டிக்ரியை நிறைவேற்றப் பன்னிரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. அதற்குள் அந்த வீட்டில் மகனுக்குப் பங்கு வந்தால் அதை ஜப்தி செய்யலாம். கட்சிக்காரருக்கு உள்ளதைச் சொல்ல வேண்டும் என்பதால் இதையும் அம்மாளிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. “அந்தப் பெரியவர் என்னை மகள் மாதிரி பார்த்தவர். அவர் சாவுக்கு நான் நாள் எண்ண மாட்டேன்” என்றார். சமாதானப் பேச்சு உண்மையில் அங்கேதான் தொடங்கியது.

தறிக்காரரிடம் யாரோ “மஞ்சள் கடுதாசி கொடுத்துவிடு” என்று சொல்லியிருக்கிறார்கள். திவால் மனு போட்டால் இந்தக் கடனோடு மற்ற கடன்களும் அதற்குள் அடங்கும். அம்மாளுக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஒன்றுமில்லை. 1920-ஆம் ஆண்டின் மாகாண திவால் சட்டம் இன்னும் தனிநபர்களுக்குப் பயன்படுகிறது. அவர் அந்த வழியில் போகவில்லை. தெருவில் முகம் கொடுக்க முடியாது என்பதுதான் அவர் சொன்ன காரணம். அந்த அம்மாளைப் பார்த்துச் சிரித்ததாகச் சொன்னதற்கும் அவர் பதில் வைத்திருந்தார்: “சிரிக்கவில்லை அக்கா. எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை.” நீதிமன்ற வராந்தாவில், வேப்பமரத்தடி பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னார். அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் எழுந்து போகவில்லை.

சமரசத்தை எப்படி எழுதினோம் என்பது மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் சற்று நிதானமாகச் சொல்கிறேன். அம்மாள் வட்டியை விட்டுக்கொடுத்தார். அசல் 1,20,000, செலவுக்கு 10,000, ஆக 1,30,000. மாதம் 2,000 ரூபாய். அதோடு ஒவ்வொரு தீபாவளிக்கும், தறிப் பட்டறைகளில் போனஸ் கொடுக்கும் வாரத்தில், 10,000. ஆண்டுக்கு 34,000 வீதம் நான்கு ஆண்டுக்குள் முடியும். மாதம் 5,000 என்று எழுதியிருந்தால் கேட்க அழகாக இருக்கும். மூன்றாம் மாதமே தவறும். தவணை என்பது கடனாளியின் நோட்டைப் பார்த்துப் போட வேண்டிய தொகை. கடன் கொடுத்தவரின் அவசரத்தைப் பார்த்துப் போடுவது அல்ல. தொடர்ந்து மூன்று தவணை தவறினால் விட்டுக்கொடுத்த வட்டி உட்பட முழு டிக்ரியும் உயிர் பெறும் என்று ஒரு வரி. தறி ஓடாத வாரங்கள் உண்டு என்பதால்தான் ஒரு தவணைக்கு அல்ல, மூன்றுக்கு.

பட்டறை முதலாளியே கூலியிலிருந்து பிடித்து நேரே அனுப்பட்டும் என்று அம்மாளின் மகன் கேட்டார். அதை நான் எழுதவில்லை. 60-ஆம் பிரிவு தரும் விலக்கை விட்டுக்கொடுப்பதாகச் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்று அதே பிரிவு சொல்கிறது. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், ஏற்கெனவே 500 பிடித்தம் போகும் நோட்டில் இன்னொரு பிடித்தக் கட்டத்தைச் சேர்க்க எனக்கு மனமில்லை. அவர் கையால், அவர் கணக்கிலிருந்து அனுப்பட்டும்.

பணம் கையில் கொடுக்கக் கூடாது, வங்கி வழியாகவே வர வேண்டும் என்பதில் மட்டும் இருவரிடமும் பிடிவாதமாக இருந்தேன். நீதிமன்றத்துக்கு வெளியே கொடுத்த பணத்தை டிக்ரிதாரர் நீதிமன்றத்தில் அறிவித்துப் பதிவு செய்ய வேண்டும். அவர் செய்யாவிட்டால் முப்பது நாளுக்குள் கடனாளி மனு போட்டுப் பதிய வைக்கலாம். இரண்டும் நடக்காத தொகையை நிறைவேற்று நீதிமன்றம் கணக்கில் எடுக்காது. “எல்லாம் கொடுத்துவிட்டேன்” என்று அழுத முகத்தோடு, ஒரு துண்டுச் சீட்டும் இல்லாமல் நிற்கும் கடனாளிகளை எந்த முன்சீப் நீதிமன்றத்திலும் பார்க்கலாம். இரண்டாம் முறை கொடுக்க அவர்களிடம் எதுவும் இருப்பதில்லை.

கூட்டு மனுவைப் பதிவு செய்து, நிபந்தனை தவறினால் மீண்டும் மனு போடும் உரிமையோடு நிறைவேற்று மனு முடிக்கப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுக் கணக்கு 2023 டிக்ரியிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. நான்கு ஆண்டுத் தவணை தவறினாலும் கையில் அவகாசம் மிஞ்சும்.

இப்போது தவணைகள் வந்துகொண்டிருக்கின்றன. நூல் இல்லாத ஒரு மாதம் தவறியது. அடுத்த மாதத்தில் இரண்டாகச் சேர்ந்து வந்தது. முதல் தீபாவளித் தொகை 10,000-க்குப் பதில் 8,000-ஆக வந்தது, போனஸ் குறைந்துவிட்டதாம். குறைந்த 2,000-ஐக் கடைசித் தவணையோடு சேர்த்துக்கொள்ள அம்மாள் சம்மதித்தார். வந்த தொகைகளைப் பகுதித் தீர்வாகப் பதிவு செய்யும் அறிவிப்பில் அவர் கையெழுத்து வாங்கித் தாக்கல் செய்தாயிற்று.